மடைவாய்

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். டாக்டர் அடிவயிற்றின் ஓரமாக, இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கருவியை அழுத்திப் பிடித்தார். குழந்தையின் இதயத்துடிப்பு எனக்கு அதற்குள் பழகியிருந்தது. குதிரை ஓடுவதுபோல் தடதடவென்று கேட்கும். இது வேறு சத்தம். நிதானமாக, சந்துக்குள் காற்று நுழைவதுபோல், ஷ்ஷூ... ஷ்ஷூ... என்று வந்தது.

“இது குழந்தை இல்லம்மா, நீங்கதான். உங்க கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய்” என்றார்.

திரையில் மலை வரிசை மாதிரி அலைகள். ஒவ்வொரு மலையும் உச்சியிலிருந்து சரிந்து இறங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், யாரோ பல்லால் கடித்து எடுத்ததுபோல். அதை விரல் வைத்துக் காட்டினார். இடப்பக்கம் பார்த்துவிட்டு வலப்பக்கம் போனார். அங்கேயும் அதே பள்ளம். “ரெண்டு பக்கமும் நாட்ச் இருக்கு. இனிமே பிபியை விடாம பாத்துக்கணும்” என்று சொல்லி ரிப்போர்ட்டிலும் எழுதினார். அது 23-வது வாரம்.

பத்து வாரம் கழித்து என் பிபி 160/110 ஆனது. யூரினில் புரோட்டீன் மூன்று பிளஸ். தலைவலி பொறுக்க முடியவில்லை, கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது. வலிப்பு வராமல் தடுக்க நரம்பில் மக்னீசியம் சல்பேட் ஏற்றியபோது உடம்பெல்லாம் தீ பரவியதுபோல் சுட்டது. அப்புறம் விடாமல் ஒரு நர்ஸ் வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் உதறினால், மருந்து அளவோடு இருக்கிறது என்று அர்த்தமாம். மறுநாள் ஆபரேஷன். பையன் ஒரு கிலோ 480 கிராம்.

வார்டுக்கு வந்த பெரியம்மா பழத்தைக் கட்டிலில் வைத்தபடியே கேட்டார்: “ஊறுகாயை நிறுத்துன்னு எத்தனை வாட்டி சொன்னேன், கேட்டியாடி?” இன்னொருவர் ஆபீஸ் டென்ஷன் என்றார். மாடிப்படி ஏறியதால் என்று ஒருவர், சரியாகத் தூங்காததால் என்று இன்னொருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்த பையனைப் பார்க்கும்போதெல்லாம், மாங்காய் ஊறுகாய் பாட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருடம் அந்தக் குற்றவுணர்ச்சியைச் சுமந்தேன்.

அதனால்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என் உடம்புக்குள் எது, எப்போது நடந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது.

கருப்பைக்கு முக்கியமாக ரத்தம் கொண்டுவருவது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தமனிகள். இடுப்புக்குள் பிரியும் பெரிய தமனியிலிருந்து கிளைத்து வருகின்றன. சினைப்பைக்குப் போகும் தமனியின் கிளையும் மேலே வந்து இவற்றோடு சேர்ந்துகொள்ளும். கருப்பைச் சுவருக்குள் நுழைந்ததும் வில்போல் வளைந்து சுற்றிவரும் கிளைகளாகி, அவற்றிலிருந்து உள்நோக்கிக் குத்தும் கிளைகளாகி, கடைசியில் உட்சவ்வை எட்டும்போது ஸ்பிரிங் மாதிரி சுருண்ட மெல்லிய தமனிகளாகின்றன. சுருள் தமனி என்பது அதுதான். ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் வயலுக்குள் திறக்கும் மடை. நான் பேராவூரணிப் பக்கம் வளர்ந்தவள். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. தண்ணீரைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அப்படித்தான் புரியும்.

இந்தச் சுருள் தமனிகளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை, இறுகி மூடிக்கொள்வது. மாதாமாதம் அதைத்தான் செய்கின்றன. கரு தங்காத மாதத்தில் புரோஜெஸ்டிரான் இறங்கியதும் இவை சுருங்கி ரத்தத்தை நிறுத்தும், உட்சவ்வு பட்டினியில் உதிரும், மாதவிடாய் வரும். இதைக் கண்ணால் பார்த்தவர் மார்க்கி என்ற அமெரிக்க ஆய்வாளர். குரங்கின் கருப்பை உட்சவ்விலிருந்து சிறு துண்டை எடுத்து அதே குரங்கின் கண்ணுக்குள், முன்பக்கத் தெளிந்த படலத்துக்குப் பின்னால் பதித்தார். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல், அந்தத் துண்டில் தமனிகள் சுருங்குவதையும் பிறகு ரத்தம் கசிவதையும் கவனித்து 1940-ல் எழுதினார். அந்தக் குரங்குகளை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. ஆனால் நம் வயிற்றுக்குள் மாதந்தோறும் என்ன நடக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

கரு தங்கிவிட்டால், இறுகுவதற்கே பழகிய இதே தமனிகள் அந்தப் பழக்கத்தை மறந்தாக வேண்டும். மறக்க வைப்பது யார் தெரியுமா? குழந்தைதான்.

கருவின் வெளிச்சுவரில் டிரோஃபோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கின்றன. நஞ்சுக்கொடியை உருவாக்குபவை இவைதான். இவற்றில் ஒரு கூட்டம் குழந்தையை விட்டுப் பிரிந்து அம்மாவின் உட்சவ்வுக்குள் இறங்கும். சுருள் தமனிகளைத் தேடிப் போய், வெளியிலிருந்தும் உள்ளேயிருந்தும் அவற்றின் சுவரில் குடியேறும். சுவரிலிருந்த தசையும் மீள்நாரும் கரைந்துபோகும். அந்த இடத்தில் இந்தச் செல்களும் ஒருவிதப் பசைப்பொருளும் நிரம்பும். இழுத்தால் சுருங்கக்கூடிய சுருள் குழாய், தளர்ந்து விரிந்த புனலாகிவிடும். உட்சவ்வோடு நிற்காமல், அதற்கடுத்த தசைச் சுவரின் உள் மூன்றிலொரு பங்கு வரைக்கும் இந்த மாற்றம் போக வேண்டும். முதல் சில மாதங்களில், ஏறக்குறைய 20-வது வாரத்துக்குள், பெரும்பாலும் முடிந்துவிடும் வேலை இது. வயிறு வெளியே தெரிய ஆரம்பிக்கும் முன்பே பாதிக் காரியம் ஆகியிருக்கும்.

அம்மாவும் சும்மா இருப்பதில்லை. கருப்பையின் உட்சவ்வில் என்கே செல்கள் என்ற தற்காப்புச் செல்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. ரத்தத்தில் இருக்கும் இவற்றின் உறவுக்கார செல்களுக்கு வேலை, நோயுற்ற செல்களைக் கொல்வது. கருப்பையில் இருப்பவையோ தமனிச் சுவரைத் தளர்த்திக் குழந்தையின் செல்களுக்கு வழி விடுகின்றன. வீட்டுக்குக் காவல் இருப்பவரே கதவைத் திறந்து வைக்கிறார். இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறெதுவும் படிக்க முடியவில்லை எனக்கு.

இன்னொன்று. கதவு உடனே திறப்பதில்லை. முதல் இரண்டு மாதங்களுக்கும் மேலாக, அதே டிரோஃபோபிளாஸ்ட் செல்கள் தமனியின் வாயிலேயே அடைப்பாக உட்கார்ந்திருக்கும். வாய்க்காலில் மடையைப் புல்லும் சேறும் வைத்து அடைப்போமே, அதேபோல். ரத்தத்தின் தெளிநீர் மட்டும் கசியும். அந்த நாட்களில் கருவுக்குச் சாப்பாடு ரத்தத்திலிருந்து வருவதைவிட கருப்பைச் சுரப்பிகள் சுரக்கும் பாலிலிருந்துதான் அதிகம். உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புகளுக்கு அப்போது ஆக்சிஜன் மிகுந்தால் கெடுதல். நஞ்சுக்கொடிக்குள் ஆக்சிஜன் அழுத்தம் 8-வது வாரத்தில் 20 மி.மீ. பாதரசத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அடைப்புகள் கரைந்த பிறகு, 12-வது வாரத்தில், 50-ஐத் தாண்டிவிடுகிறது. ‘மூணு மாசம் பத்திரம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அந்த மூன்றாவது மாத முடிவில்தான் மடை திறக்கிறது.

திறந்தபின் மேலேயும் எல்லாம் மாறும். கீழே தடை குறைந்ததால் மேலே ரத்தம் வேகமாக ஓடும். அந்த ஓட்டம் உரசுவதைத் தமனியின் உள்சுவர் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும். தமனி தளர்ந்து, நாளாக ஆக வளர்ந்தே அகலமாகும். கருப்பைத் தமனியின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. நஞ்சுக்கொடி வலப்பக்கம் ஒட்டியிருந்தால் வலப்பக்கத் தமனியில்தான் ஓட்டம் தாராளமாக இருக்கும். கர்ப்பம் இல்லாதபோது கருப்பைக்கு நிமிடத்துக்குப் போவது சுமார் 50 மில்லி, அரை டீ டம்ளர். பிரசவ நேரத்தில் அது 500-லிருந்து 800 மில்லி வரை. இதயம் வெளியேற்றும் ரத்தம் 40 சதவீதம் போலக் கூடுகிறது, ரத்தத்தின் அளவும் அதேபோல். உடம்பு முழுக்கக் குழாய்கள் தளர்வதால் நடுமாதங்களில் பிபி கொஞ்சம் இறங்கும். எழுந்தால் தலை சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை படித்ததை வைத்து, குழந்தைக்கு நிறைய ரத்தம் வேண்டும், அதற்காகத்தான் குழாய் விரிகிறது என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரகாம் பர்ட்டனும் கூட இருந்தவர்களும் 2009-ல் எழுதியதைப் படித்தபோதுதான் மீதி புரிந்தது. சுருள் தமனியின் வாய் 2, 3 மில்லிமீட்டர் அகலத்துக்குப் புனலாக விரிவதன் முக்கியப் பலன், ரத்தத்தின் வேகம் குறைவது. விரியாத பகுதியில் நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் வருகிற ரத்தம், நஞ்சுக்கொடிக்குள் இறங்கும்போது நொடிக்கு 10 சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் வயலில் அப்பா போர் செட் போட்டபோது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு நேராக நாற்றங்காலில் விழுந்தால் மண் குழியாகும், நாற்று வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதக்கும். அதனால் முதலில் ஒரு தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து அகலமான வாய்க்காலில் இறக்கி, வேகம் அடங்கினபிறகுதான் பாத்திக்கு விடுவார். தண்ணீர் சத்தமே இல்லாமல் நாற்றுக்கு நடுவே பரவும். நஞ்சுக்கொடிக்குள்ளும் நாற்று மாதிரிதான் இருக்கிறது: குழந்தையின் ரத்தக்குழாய்களைச் சுமந்த மெல்லிய விரல்கள், கிளைகிளையாக, அம்மாவின் ரத்தத்தில் மூழ்கி நிற்கின்றன. எல்லாவற்றையும் விரித்தால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும். ரத்தம் அவற்றின் மேல் மெதுவாகப் படர்ந்தால்தான் ஆக்சிஜனையும் சத்தையும் இறக்கிவைக்க நேரம் கிடைக்கும். வாய் விரியாவிட்டால் ரத்தம் நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வேகத்தில் பீச்சியடிக்கும். விரல்கள் கிழியும், உள்ளே குழிகள் விழும், ரத்தம் உறைந்து கட்டியாகும். வந்த ரத்தம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலே திரும்பிப் போய்விடும்.

தசை போகாத தமனிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அது இன்னும் இறுகும். இறுகுவதும் விடுவதுமாக இருந்தால் நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. அந்த ஏற்ற இறக்கமே அதைக் காயப்படுத்தும்.

இந்த மாற்றத்தை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர்கள் ப்ரோசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் என்ற மூவர், 1967-ல். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்துத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, சாதாரணக் கர்ப்பத்தில் தமனிகள் தசையிழந்து விரிந்திருப்பதைக் காட்டினார்கள். பிபி ஏறி யூரினில் புரோட்டீன் போன தாய்மார்களிடம் அந்த மாற்றம் உட்சவ்வோடு நின்றுபோயிருந்தது. தசைச் சுவருக்குள் இருந்த பகுதி குறுகலாகவே இருந்தது.

பிரசவ நேரத்தில் வரும் வலிப்பை ஊரில் ஜன்னி என்பார்கள். “தலைப்பிரசவத்துல ஜன்னி கண்டு போயிட்டா” என்று எங்கள் தெருவிலேயே ஒரு அத்தையைப் பற்றிச் சொல்வார்கள். அந்த ஜன்னிக்கு முந்தைய கட்டம்தான் எனக்கு வந்த பிரீஎக்ளாம்ப்சியா. கருப்பைக்குள் இருக்கும் குழாய் சரியாக விரியாததற்கு, தலை ஏன் வலிக்கிறது, சிறுநீரகம் ஏன் கெடுகிறது? அதற்கு விடை தந்தவர்களில் முக்கியமானவர் அனந்த் கருமஞ்சி. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் இருந்தபடி 2003-ல் அவரும் அவர் குழுவும் கண்டுபிடித்தது இது: காயப்பட்ட நஞ்சுக்கொடி எஸ்ஃப்ளிட்-1 என்ற புரதத்தை அம்மாவின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறது. ரத்தக்குழாய்களின் உள்சுவரை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிப் பொருள்களை அது பிடித்து முடக்கிவிடுகிறது. அதனால் அம்மாவின் உடம்பில் எல்லா இடத்துக் குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. இன்றைக்கு ரத்தப் பரிசோதனையில் இந்தப் புரதத்தின் அளவையும் பார்த்து ஆபத்தைக் கணிக்கிறார்கள்.

எல்லா பிரீஎக்ளாம்ப்சியாவும் இப்படி ஆரம்பிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதம் நிறைந்த பிறகு வருவதில் பலருக்குச் சுருள் தமனிகள் ஒழுங்காகவே விரிந்திருக்கும். என்னைப்போல் 34 வாரத்துக்கு முன்பே வருவதோடும், குழந்தை வளராமல் நிற்பதோடும்தான் இந்தக் குறை அதிகம் சேர்ந்து வருகிறது. எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. பழைய சிசேரியன் தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டினால், அங்கே தடுத்து நிறுத்த நல்ல உட்சவ்வு இருக்காது. அது தசையை ஊடுருவிப் பிரியவே மறுக்கும். போதாமலும் இருக்கக் கூடாது, மீறியும் போகக் கூடாது.

அப்படியானால் ஊறுகாய்? உப்பைக் குறைத்தால் பிரீஎக்ளாம்ப்சியாவைத் தடுக்கலாம் என்ற அறிவுரையை உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே பரிந்துரைக்கவில்லை என்று எழுதிவிட்டது. தடுப்பதற்காக வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்வதையும்தான். பெரியம்மா என்னைக் கேட்ட கேள்விக்கு விடை, நான் கர்ப்பம் என்று அவருக்குத் தெரிந்த வாரங்களிலேயே எனக்குள் எழுதப்பட்டுவிட்டது. 23-வது வாரத்தில் திரையில் நான் பார்த்த பள்ளம், ஏற்கெனவே நடந்து முடிந்ததன் தடம். கீழே தடை இறங்காததால், இதயம் தள்ளிய ரத்தம் ஒரு கணம் முட்டித் தயங்குகிறது. அந்தத் தயக்கம்தான் அலையில் விழும் பள்ளம். இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதேன். பாரம் இறங்கிய அழுகை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் மாட்டைப் பற்றிக் கேட்டார். “மாட்டுக்கு இப்படி வர்றதில்லையே பாப்பா?” நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டால் இளங்கொடி விழும்வரை அப்பா கட்டுத்தறியை விட்டு நகரமாட்டார். விழுந்ததும் வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, ஆலமரக் கிளையில் தொங்கவிட்டு வருவார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாடு நன்றாகக் கறக்கும் என்பது நம்பிக்கை. அந்தக் கொடியில் பட்டன் பட்டனாக நூறு போல இருக்கும். ஒவ்வொன்றும் மாட்டின் கருப்பையில் இருக்கும் மேட்டில் பட்டன் மாட்டியதுபோல் பொருந்தியிருக்கும், அவ்வளவுதான். கன்றின் செல்கள் தாயின் தமனிச் சுவரைக் கரைப்பதில்லை. தாயின் ரத்தம் தாயின் குழாய்க்குள்ளேயே ஓடும். அதனால்தான் கொடி கழன்று விழும்போது மாட்டுக்கு ரத்தம் அதிகம் போவதில்லை. மனுஷிக்கு அப்படியில்லை. குழாயின் வாய் நேராகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப கொடி கழண்டதும் அதை யாரு அடைக்கிறது?” என்றார்.

சுருள் தமனியால் அடைத்துக்கொள்ள முடியாது. அதன் தசைதான் போய்விட்டதே. நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ஓடிய இடம் அது. அதைச் சுற்றியிருக்கும் கருப்பைத் தசைதான் காப்பாற்ற வேண்டும். அதன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, குழாய்கள் அவற்றின் ஊடே போகின்றன. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் தசை இறுகும். ஒவ்வொரு குழாயையும் கயிறு போட்டு முடிவதுபோல் நெரிக்கும். பிரசவமானதும் தொடையில் ஆக்சிடோசின் ஊசி போடுவது இதற்குத்தான். தசை இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும் அளவுக்கு ரத்தம் போய்விடும்.

இரண்டாவது கர்ப்பத்தில் 12-வது வாரத்திலிருந்தே டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்தார், ராத்திரி 150 மில்லிகிராம், 36 வாரம் வரை. ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் இப்படிக் கொடுத்தபோது 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரீஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்ததாக 2017-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. 16 வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். தமனிகள் மாறிக்கொண்டிருக்கும் நேரம் அதுதானே. தானாக வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை இல்லை இது. முதல் பிரசவத்தில் பிபி இருந்திருந்தால், அடுத்ததற்கு நாள் தள்ளிப்போனதுமே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். வளைகாப்பு வரை காத்திருக்காதீர்கள்.

22-வது வாரத்தில் அதே மாதிரி இருட்டு அறை, அதே ஷ்ஷூ சத்தம். நான் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை உச்சியிலிருந்து அலை ஒரே சரிவாக இறங்கி, அடுத்த மலைக்குப் போனது. நடுவே எங்கும் பள்ளம் இல்லை.

பாப்பா 38 வாரத்தில், 2 கிலோ 900 கிராமில், சுகப்பிரசவமாகப் பிறந்தாள். நஞ்சைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். தட்டில் வைத்துக் கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அடர்சிவப்பில், பாத்தி பாத்தியாகப் பிரிந்து, ஈரமாக மின்னியது. ஒவ்வொரு பாத்தியாக விரலால் தடவிப் பார்த்து, “எதுவும் உள்ள தங்கல, முழுசா வந்துடுச்சு” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துத் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வைத்து அழுத்தினார். தோலுக்கடியில் தேங்காய் போல ஒன்று உருண்டையாக, கெட்டியாக இருந்தது.

“இதாம்மா கர்ப்பப்பை. நல்லா இறுகிடுச்சு பாருங்க” என்றார்.